பொன்னுருக்கிய பிறகு ஒரு பந்தாட்டம்

என் கையெழுத்தைப் பார்த்து யாரும் கோபிக்க வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அதன் பிறகு கை பழகியது மாவோடுதான். ல, ள, ழ எங்காவது இடம் மாறி நின்றால் அச்சடிக்கிற தம்பி திருத்திக்கொள்ளட்டும். எங்கள் விளையாட்டுக் கழகத்துப் பெண்பிள்ளைகள் ஆண்டு மலருக்கு எழுதித் தரும்படி பேக்கரிக்கே வந்து கேட்டார்கள். சுவிஸில் பெண்கள் ஆடும் அயர்லாந்துக் ‘கேலிக்’ பந்தாட்டத்தை நான் கொடியோடு பக்கத்தில் நின்று பார்த்தேனாம். பக்கத்தில் நின்றது உண்மை. பார்த்தேனா என்பது வேறு கதை.

போனது மருமகளின் கலியாணத்துக்கு. அக்காவின் ஒரே மகள் நிருஷா. அங்கேயே பிறந்து வளர்ந்து, ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்கிறாள். அக்கா குடும்பம் இருப்பது திரிம்பாக்கில். அத்தானுக்கு ஹோட்டல் சமையலறையில் வேலை, சனி ஞாயிறு வீட்டில் நிற்க மாட்டார்.

வந்து சேர்ந்த அன்று வாசலில் என்னைக் கட்டிப்பிடித்த நிருஷாவின் கால்களைத்தான் முதலில் கண்டேன். முழங்காலுக்குக் கீழே பச்சையும் ஊதாவுமாகக் கண்டல்கள். எங்கேயோ விழுந்துவிட்டாள் என்று நினைத்துப் பதறிப்போனேன்.

“விழேல்லை, விளையாடுறவ,” என்றார் அக்கா. “ரண்டு கிழமையிலை கலியாணம். காலைப் பார்த்தியோ? சீலை மறைக்கும். முகத்துக்கு என்னத்தைக் கட்டுறது?”

அயர்லாந்துக்காரரின் விளையாட்டாம். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் ஓர்லா என்ற அயர்லாந்துப் பெண் இவளைச் சேர்த்துவிட்டிருக்கிறாள். ஓர்லாதான் அணித்தலைவி.

அடுத்த நாள் காலை அக்கா என்னைப் பக்கத்துப் பேக்கரியில் பாண் வாங்க அனுப்பினார். கடைக்காரி ஏதோ கேட்டாள். நான் விரலைக் காட்டினேன், அவள் வேறொன்றைத் தூக்கினாள், அதையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் அச்சுப் பாணை அமத்தினால் அமுங்கி மெதுவாக எழும்பும். இந்தப் பாணைத் தட்டினால் கதவு தட்டிய சத்தம் கேட்கும். ஆனால் வெட்டினால் உள்ளே ஈரமும் மெல்லிய புளிப்பும் இருக்கிறது. மூன்றாம் நாளும் பழுதாகவில்லை. எங்கள் போறணை அடுப்பில் இப்படி ஒன்று போட்டால் சனம் கருகின பாண் என்று திருப்பித் தந்துவிடும்.

அன்று பின்னேரம் நிருஷா வீட்டுக்குப் பின்னாலிருந்த புல்வெளிக்கு என்னைக் கூட்டிப்போய் விளையாட்டைக் காட்டினாள். பந்து பார்வைக்குக் கரப்பந்து போல. தூக்கிப் பார்த்தால் பாரம்.

“கையாலையும் பிடிக்கலாம், காலாலையும் அடிக்கலாம், மாமா. ஆனால் பிடிச்சுக்கொண்டு நாலு அடிதான் ஓடலாம்.”

“பிறகு?”

“பிறகு நிலத்திலை ஒருக்கா தட்டவேணும். இல்லாட்டிக் காலுக்கு விட்டு, நுனிக்காலாலை தட்டித் திருப்பிக் கையுக்கை எடுக்கவேணும். அடுத்தடுத்து ரண்டுதரம் நிலத்திலை தட்டக்கூடாது.”

ஓடிக்கொண்டே செய்து காட்டினாள். பந்து அவள் காலுக்கும் கைக்கும் நடுவில் நூல் கட்டியதுபோல் போய் வந்தது. எங்கள் பிள்ளைகளின் வலைப்பந்தில் பந்தோடு ஓடவே முடியாது. இதில் ஓடலாம், ஆனால் ஓட்டத்துக்கு நடுவில் கணக்கு வைத்திருக்க வேண்டும். கூட ஆடுபவளுக்குக் கொடுப்பதென்றால் எறியக்கூடாது, முட்டியால் குத்திக் கொடுக்க வேண்டும். ஆண்கள் கீழே கிடக்கும் பந்தைக் காலால் கிளப்பித்தான் எடுக்கலாமாம். பெண்கள் குனிந்து நேரே கையால் அள்ளலாம். கோல் கம்பங்கள் இரண்டும் மேலே நீண்டு நிற்கும், நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் இருக்கும். சட்டத்துக்கு மேலாலே, இரண்டு கம்பத்துக்கும் நடுவாலே போனால் ஒரு புள்ளி. சட்டத்துக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று.

“ஆளை இடிக்கிறதோ?” என்று கேட்டேன். எனக்கு வேண்டியது அதுதான்.

“வேணுமெண்டு இடிக்கக்கூடாது. பொம்பிளையளின்ரை ஆட்டத்திலை அது பிழை.”

“அப்ப காலிலை உதெல்லாம்?”

“உது வேணுமெண்டு இடிக்காதது, மாமா.”

வியாழக்கிழமை சோலோதுர்னில் மாப்பிள்ளை வீட்டில் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு அது. மாடிவீட்டில் புகை சேரும் என்று ஆசாரி பல்கனியில் கரி மூட்டி வைத்துக்கொண்டு உருக்கினார். கீழ்வீட்டுக்காரி அண்ணாந்து பார்த்து, “இறைச்சி சுடுகிறீர்களா? வாசனை வரக் காணோமே?” என்று கேட்டதாக மாப்பிள்ளை மொழிபெயர்த்துச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சடங்கெல்லாம் எங்களைவிட வலு இறுக்கம். பொன் உருகிவிட்டால் பெண்ணும் மாப்பிள்ளையும் தாலி கட்டும் வரை ஒருவரை ஒருவர் காணக்கூடாது. பெண் தன் வீட்டுப் படி இறங்கக்கூடாது.

நாங்கள் பலகாரத்தோடு திரும்பி வந்து சப்பாத்துக் கழற்றும்போது நிருஷா கதவடியில் வந்து நின்றாள்.

“அம்மா, சனிக்கிழமை ஜெனீவாவிலை மட்ச். நான் போறன்.”

“பொன்னுருக்கின வீட்டிலை நிண்டு என்ன கதை கதைக்கிறாய்?”

“டீமிலை ரண்டு பேருக்குக் காயம். நானும் இல்லாட்டி இறங்க ஆள் காணாது. முழு வருசமும் இதுக்குத்தான் ஓடினனாங்கள்.”

“முகத்திலை ஏதும் பட்டால்? அடுத்த ஞாயிறு மணவறையிலை சம்பந்தி அம்மாவுக்கு நான் என்னத்தைக் காட்டுறது?”

“என்ரை முகம்தானே?”

“இந்தக் கிழமை அது உன்ரை இல்லை.” அக்கா என் பக்கம் திரும்பினார். “தாய்மாமன் எண்டு நீ நிக்கிறாய். சொல்லன்.”

எனக்கு வாய் வரவில்லை. நாலு பேர் நடுவில் என்னைப் பேசச் சொன்னால் எப்போதும் அப்படித்தான். கழற்றிய சப்பாத்தைச் சோடி சேர்த்து வைத்தேன். பிறகு அத்தானின் சப்பாத்தையும் சோடி சேர்த்தேன்.

“மாமா ஒண்டும் சொல்லேல்லை. அப்ப ஓம்தானே,” என்றாள் நிருஷா.

அக்கா பலகாரப் பெட்டியை என் கையில் வைத்தார். “சரி. நீயே கூடப் போ. எப்பிடிக் கூட்டிக்கொண்டு போறியோ அப்பிடியே கொண்டுவந்து தா. ஒரு கீறல் விழுந்தாலும் சம்பந்தி வீட்டுக்கு நீதான் பதில்.”

சனிக்கிழமை விடிய நாங்கள் வெளிக்கிடும்போது அக்கா ஒரு பாக்குவெட்டியைக் கொண்டுவந்தார். சடங்கு நடந்த பெண் வெளியே இறங்கினால் காவலுக்கு இரும்பு வேண்டும். அதை மகளின் இடுப்பில் செருகப் பார்த்தார்.

“அம்மா, காதிலை தோடு இருந்தாலே நடுவர் இறங்க விடமாட்டா. இதோடை போனால் பொலிசைத்தான் கூப்பிடுவா.”

பாக்குவெட்டி என் ஜாக்கெட் பைக்குள் வந்தது.

ரயிலில் அந்தப் பாரம் விலாவில் இடித்துக்கொண்டே இருந்தது. டிக்கெட் பார்க்கிறவர் வந்தார். நான் பைக்குள் கைவிட்டு அவசரத்தில் பாக்குவெட்டியை எடுத்து அவரிடம் நீட்டிவிட்டேன். அவர் அதை வாங்கித் திறந்து மூடிப் பார்த்தார். நிருஷா அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். “வால்நட் உடைக்குமோ எண்டு கேக்கிறார், மாமா.” உடைக்கும் என்று தலையாட்டினேன். டிக்கெட்டைப் பார்க்காமலே போய்விட்டார்.

பாதி வழியில் அறிவிப்பு ஜெர்மனிலிருந்து பிரெஞ்சுக்கு மாறியது. ஜன்னலுக்கு வெளியே பெரிய ஏரி ஒன்று நெடுநேரம் கூடவே வந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். நான் நிருஷாவின் பற்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அக்கா பொன்னைப் போல் வளர்த்த பிள்ளை. நல்ல வரிசைப் பற்கள்.

ஜெனீவாவில் டிராம் எடுத்தோம். இறங்கும் இடத்தில் நிருஷா முன்னால் இறங்கிவிட்டாள். ஒரு முதிய அம்மாவுக்கு நான் வழிவிட்டேன். அதற்குள் கதவு மூடிக்கொண்டது. திறக்க ஒரு பொத்தான் உண்டாம். எனக்கு அது தெரியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கையைக் காட்டிக்கொண்டு சிறிதாகிப் போனாள். அவளுடைய பை என் தோளில் இருந்தது. சப்பாத்து, சட்டை, பல்லுக்குப் போடும் ரப்பர் உறை எல்லாம் அதற்குள். அந்த உறை இல்லாமல் ஆட விடமாட்டார்கள் என்று அவளே சொல்லியிருந்தாள்.

அடுத்த தரிப்பிடத்தில் இறங்கி நின்றேன். வந்த வழியே தண்டவாளத்தைப் பிடித்து நடக்கலாம். அப்படியே நின்றாலும் நிற்கலாம். நின்றால் ஆட்டம் தொடங்கிவிடும், பிள்ளை கீறல் இல்லாமல் வீடு போய்விடும். இப்படி ஒரு எண்ணம் வந்தது. நடக்கத் தொடங்கினேன். கொஞ்சத் தூரம் போவதற்குள் நிருஷா எதிரே ஓடி வந்தாள். திட்டப் போகிறாள் என்று தலையைக் குனிந்தேன்.

“நல்லது மாமா, உடம்பு சூடாக்க ஓடுற வேலை முடிஞ்சுது,” என்று பையை வாங்கிக்கொண்டு திரும்பவும் ஓடினாள்.

மைதானத்தில் ஓர்லா நின்றாள். என் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. குடுவையிலிருந்து ஊற்றித் தந்த தேநீரைக் குடித்தேன். சுவிஸில் தேநீர் என்றால் வெந்நீருக்குள் பையைக் காட்டி எடுப்பது. இவளுடையது நல்ல சாயம், நல்ல பால். அயர்லாந்துக்காரர் எங்களைப் போலத்தான் குடிக்கிறார்கள். அக்கா கட்டித் தந்த அரியதரப் பலகாரத்தை நீட்டினேன். ஒன்றைக் கடித்துவிட்டு ஓர்லா பெட்டியையே தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

பிறகு அவள் ஒரு வெள்ளை மேலங்கியைக் கொண்டுவந்து என்மேல் வைத்து அளவு பார்த்தாள்.

“என்ன இது?” என்று நிருஷாவைக் கேட்டேன்.

“ஒவ்வொரு கோல் கம்பத்தடியிலும் ஒரு ஆள் நிக்கவேணும், மாமா. ரண்டு டீமும் ஆள் குடுக்கவேணும். எங்களிட்டை ஆள் இல்லை. சட்டத்துக்கு மேலாலை போனால் வெள்ளைக் கொடி. வலைக்குள்ளை போனால் பச்சைக் கொடி. வெளியாலை போனால் ரண்டு கையையும் தலைக்கு மேலை குறுக்காலை பிடியுங்கோ. அவ்வளவுதான்.”

“எனக்கு ஏலாது பிள்ளை.”

“பேச்சே இல்லாத வேலை, மாமா. உங்களுக்கெண்டே செய்தது.”

ஓர்லா ஏதோ சொன்னாள். “பேக்கரிக்காரருக்கு வெள்ளை அங்கி புதுசோ எண்டு கேக்கிறா,” என்றாள் நிருஷா. போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவும் வாய் வேண்டுமே.

எதிர் அணி பிரெஞ்சுக்காரிகள், எல்லோரும் உயரம். மற்றக் கம்பத்தடியில் அவர்களுடைய ஆள், நீளப் பின்னல் போட்ட ஒரு பெண் நின்றாள். முதல் பாதியில் நிருஷா தூர முனையில் ஆடினாள். ஒவ்வொரு முறை கூட்டமாக விழுந்து எழும்பும்போதும் அந்தச் சின்ன முகத்தைத் தேடிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். என் பக்கம் பந்து வந்தபோதெல்லாம் பின்னல்காரி கொடியைத் தூக்கினாள், நானும் அவளைப் பார்த்துத் தூக்கினேன்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறினார்கள். இப்போது நிருஷா என் கம்பத்தை நோக்கி ஓடி வந்தாள். தூரத்தில் பார்த்ததைவிட இது மோசம். மூச்சுச் சத்தம் கேட்டது. பந்துக்குப் பாயும்போது சப்பாத்து முள்ளும் முழங்கையும் அவள் கன்னத்துக்கு ஒரு விரல் இடைவெளியில் போய் வந்தன. என் கை பைக்குள் பாக்குவெட்டியைப் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் அது நடந்தது. நிருஷாவும் ஒரு உயரக்காரியும் காலோடு கால் மாட்டி விழுந்தார்கள். நான் முகத்தைப் பார்த்தேன். மூக்கு சரி. வாய் சரி. எழும்பி மண்ணைத் தட்டினாள். அப்பாடா என்று நிமிர்ந்தால், மைதானத்தில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த நேரத்தில் ஓர்லா பந்தை உயர அடித்திருக்கிறாள். அது என் கம்பத்துக்கு மேலாலே போயிருக்கிறது. உள்ளேயா வெளியேயா என்று எனக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

நடுவர் அம்மா கிட்ட வந்து ஆங்கிலத்தில் கேட்டார். “நான் காணவில்லை” என்று எனக்குத் தெரிந்த இரண்டு சொல்லில் சொன்னேன். அவர் பின்னல்காரியைப் பார்த்தார். அவள் சற்று யோசித்துவிட்டுக் கையைக் குறுக்காகப் பிடித்தாள். புள்ளி இல்லை.

ஓர்லா வானத்தைப் பார்த்தாள். நிருஷா என்னிடம் நடந்து வந்தாள். வாயிலிருந்த ரப்பரைக் கழற்றினாள்.

“மாமா, என்னைப் பாக்காதேங்கோ. பந்தைப் பாருங்கோ.”

“அக்கா சொன்னவ...”

“அம்மா வீட்டிலை. இஞ்சை பந்தைப் பாருங்கோ.”

அதன் பிறகு பந்தைப் பார்த்தேன். பாணை வெளியே எடுக்கும் நேரம் போறணையை எப்படிப் பார்ப்பேனோ அப்படி. பார்க்கப் பார்க்கத்தான் விளையாட்டு விளங்கியது. நாலு அடி, தட்டு, நாலு அடி, காலில் தட்டிக் கைக்கு. ஒருத்தி ஓட, மற்றவள் எங்கே வருவாள் என்று தெரிந்து அந்த வெற்றிடத்துக்குக் குத்திக் கொடுக்கிறாள். பிரெஞ்சுக்காரிகள் இரண்டு புள்ளி முன்னால் நின்றார்கள். நேரம் முடியப் போகிறது என்று ஓர்லா கத்தியது எனக்கே விளங்கியது.

பந்து நிருஷாவிடம் வந்தது. கையிலிருந்து நிலத்துக்கு, நிலத்திலிருந்து கைக்கு, பிறகு காலுக்கு. ஒருத்தி குறுக்கே பாய்ந்தாள். அதற்குள் நிருஷா அடித்துவிட்டாள். பந்து எழும்பியது. கீழே ஒரு சத்தம் கேட்டது, எலும்பில் எலும்பு பட்ட சத்தம். நான் குனியவில்லை. பந்து என் கம்பத்தின் உள்பக்கமாக, ஒரு சாண் இடைவெளியில், சட்டத்துக்கு மேலாலே போனது. வெள்ளைக் கொடியைத் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் கீழே பார்த்தேன்.

நிருஷா முகத்தைப் பொத்திக்கொண்டு கிடந்தாள்.

கொடியைப் போட்டுவிட்டு ஓடினேன். இடது புருவம் அதற்குள்ளேயே கத்தரிக்காய் போல வீங்கியிருந்தது. முழங்கையால் இடித்தவளே ஐஸ் பொதியைக் கொண்டுவந்து, அழுதுகொண்டே பிடித்தாள். ஓர்லா விரல்களைக் காட்டி எண்ணச் சொன்னாள். நிருஷா சரியாக எண்ணினாள். பிறகு வீங்காத கண்ணால் என்னைப் பார்த்துக் கேட்டாள்: “கொடி தூக்கினியளோ?”

“ஓம் பிள்ளை.”

“அப்ப சரி.”

சரி இல்லை. கொஞ்ச நேரத்தில் ஊதி முடித்துவிட்டார்கள். ஒரு புள்ளியால் தோல்வி. ஒருத்தரும் என்னிடம் கோபிக்கவில்லை. இரண்டு அணியும் ஒரே மேசையில் இருந்து சொசேஜ் சாப்பிட்டார்கள். பின்னல்காரி எனக்கு ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பும் ரயிலில் நிருஷா ஐஸ் பொதியைப் பிடித்தபடி தூங்கினாள். அந்தக் கண்ணைச் சுற்றி நிறம் மாறிக்கொண்டு வருவதை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்த்தேன். அக்காவுக்குச் சொல்ல ஒரு வசனம் கட்டினேன். கட்டியதைப் பிரித்து வேறு கட்டினேன். டிராம் கதவு இடித்தது என்று சொல்லலாம் போலிருந்தது. எனக்குப் பொய் சொன்னால் காது சிவக்கும்.

அக்கா கதவைத் திறந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். நான் கட்டிவைத்த வசனத்தைத் தொடங்கினேன்.

“அக்கா, பிள்ளையிலை பிழை இல்லை, நான்தான்...”

“நீதான்,” என்றார் அக்கா. “எனக்குத் தெரியும். அந்தப் பந்து உள்ளுக்கை போனது.”

எனக்கு விளங்கவில்லை. வராதவர்கள் பார்க்கட்டும் என்று அங்கே யாரோ ஆட்டம் முழுவதையும் கைப்பேசியில் நேரடியாக ஓடவிட்டிருக்கிறார்கள். நிருஷா அந்த லிங்கை அக்காவுக்கும் அனுப்பிவிட்டிருக்கிறாள். பார்க்க மாட்டேன் என்று சொன்ன அக்கா அடுப்பையும் நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறார்.

“அந்த ஓர்லாப் பிள்ளை அடிச்சது. இவள் முதல்தரம் விழுந்த நேரம். வடிவா உள்ளுக்கை போகுது. நீ எங்கை பார்த்துக்கொண்டு நிண்டனி?”

“பிள்ளையின்ரை முகத்தை.”

“முகத்தைப் பார்க்கவோ வெள்ளைச் சட்டை போட்டுவிட்டவங்கள்?”

சொல்லிவிட்டுக் குளிர்ப்பெட்டியிலிருந்து தேங்காய்ப்பூப் பொதியை எடுத்து மகளின் கண்ணில் வைத்து அமத்தினார். அவள் “ஆ” என்றாள். “அசையாமல் இரு,” என்றார் அக்கா. அன்று எனக்குச் சோறு போட்டுத் தந்தார். ஆனால் பொரியல் வைக்கவில்லை.

கலியாணத்துக்கு இடையில் இருந்த நாட்கள் முழுவதும் நான் அந்தக் கண்ணைத்தான் பார்த்தேன். ஊதா பச்சையாகி, பச்சை மஞ்சளானது. அலங்காரம் செய்ய வந்த பெண் மேலே மேலே பூசினாள். கோயில் மண்டபத்து வெளிச்சத்தில் அப்படியும் தெரிந்தது. மாப்பிள்ளை அவளைக் கண்டதும் சிரிப்பை அடக்க ஐயரைப் பார்த்தார். எனக்கு அவரைப் பற்றிப் பயமில்லை. பயம் எல்லாம் சம்பந்தி அம்மாவைப் பற்றித்தான். தாலி கட்டி முடிய, வாழ்த்தி அறுகரிசி போட வந்த அவர் குனிந்து பெண்ணின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு நேரே அக்காவிடம் வந்தார். நான் பதில் சொல்ல வேண்டிய ஆள். பக்கத்தில் போய் நின்றேன்.

“பிள்ளையின்ரை கண்ணுக்கு என்ன, சம்பந்தி?”

“விளையாட்டிலை பட்டது,” என்றார் அக்கா, மறைக்காமல்.

“பொன்னுருக்கினாப் பிறகோ?”

“ஓம்.”

சம்பந்தி அம்மா குரலைத் தாழ்த்தினார். “வெண்டவையோ?”

“எங்கை. ஒரு புள்ளியாலை போச்சு,” என்று சொல்லிவிட்டு, அக்கா திரும்பி என்னைப் பார்த்தார்.

ஐப்பசி 12, ஞாயிற்றுக்கிழமை.